காத்திருக்கும் வேலையும் காத்திராத வேலையும்

வீட்டில் இருந்தபடியே ஊதியத்துக்கு வேலை செய்யும் முறை 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தோடுதான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணினித் துறையையும் அலுவலகப் பணிகளையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அது ஓரளவு சரியே என்றாலும், குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்களின் வயல்களையும் பனங்காடுகளையும் உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு அந்த எண்ணம் பொருந்துவதில்லை. அக்கானி காய்ச்சுவது, லேஸ் பின்னுவது, துணியில் பூத்தையல் போடுவது, பூக்கட்டுவது, கயிறு திரிப்பது, கடற்கரை ஊர்களில் வலை பின்னுவது என்று இம்மாவட்டத்தில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட வேலைகளில் கணிசமானவை அடுக்களைக்கும் புறவாசலுக்கும் படிப்புரைக்கும் இடையில், அதாவது சமையலறைக்கும் பின்கட்டுக்கும் முன்திண்ணைக்கும் இடையில் நடந்தவை. அவற்றைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் ஒரே கூரையின் கீழ் நேரம் பிரித்துக் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் நாள்தோறும் விடை கண்டிருக்கிறார்கள் என்பதும், அந்த விடைகள் எங்கும் எழுதி வைக்கப்படாததால் பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று என்பதும் இங்கே கருதத் தக்கவை.

மயிலாடியில் ஒரே வீட்டில் வாழ்ந்த மூன்று தலைமுறைப் பெண்களின் வேலைநாளை இக்கட்டுரை நினைவிலிருந்து எடுத்துரைக்கிறது. முதலாமவர் பனைப் பருவத்தில் அக்கானி காய்ச்சியவர். இரண்டாமவர் துணியில் பூத்தையல் போட்டவர். மூன்றாமவர் கணினி மென்பொருள் எழுதும் இக்கட்டுரையாளர். மூன்று வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வீட்டில் செய்யும் வேலைகளை முதலில் இரண்டாகப் பகுக்கலாம் என்பது தெளிவாகிறது. பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியது காத்திருக்கும் வேலை. குறித்த பொழுதுக்குள் முடிக்காவிட்டால் பொருளே கெட்டுப்போவது காத்திராத வேலை. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் நேரச் சிக்கல் முழுவதும் இவ்விரண்டும் மோதும் இடத்தில்தான் பிறக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் முடிபு.

காத்திராத வேலைக்கு அக்கானியைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இம்மாவட்டத்தில் இல்லை. பனையின் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்கும் இனிப்பான பனஞ்சாற்றைப் பிற மாவட்டத்தார் பதநீர் என்று சொல்ல, குமரி மாவட்டத்தார் அக்கானி என்பார்கள். சுண்ணாம்பு சாற்றின் புளிப்பைத் தடுத்து வைக்குமே தவிர அடியோடு நிறுத்திவிடாது என்பதால், காலையில் இறக்கிய அக்கானி அன்றைக்கே அடுப்பேறியாக வேண்டும். பனையேறும் ஆண் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க, அவர் கொண்டுவந்து வைக்கும் கலயங்களை வடிகட்டி அகன்ற பானையில் ஊற்றித் தீ மூட்டி, அது வற்றிக் கருப்பட்டியாகும்வரை அடுப்பருகே நிற்பது வீட்டுப் பெண்ணின் பொறுப்பாக இருந்தது. பனையேறியின் உழைப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த அடுப்படி உழைப்பைப் பற்றி யாரும் பேசியதில்லை என்பது வருத்தத்துக்குரியது. காய்ச்சுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் ஏறிப் பயனில்லை என்பதை ஊரார் எல்லாரும் அறிந்தே இருந்தார்கள்.

இக்கட்டுரையாளரின் பாட்டி காய்ச்சிய அடுப்பு புறவாசலில், ஓலை வேய்ந்த சாய்ப்பின் கீழ் இருந்தது. காய்ந்த பனையோலையும் மட்டையும் சருகும்தான் எரிபொருள். அவை விறகு போல நின்று எரிவதில்லை என்பதால் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி ஏறி நுரை பொங்கி விளிம்பைத் தொடும்போது, இடித்து வைத்த ஆமணக்கு முத்தில் ஒரு துளியைக் கிள்ளிப் போட்டால் நுரை அடங்கும். அதற்குப் பிறகு நீர் வற்றுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். அந்த நெடுநேரத்தில்தான் பாட்டி அரிசி களைந்தார், மீன் கழுவினார், பேரப்பிள்ளைக்குத் தலைவாரிவிட்டார், ஆனால் இவற்றில் எதற்கும் அடுப்பு கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போகமாட்டார். சாறு கெட்டிப்பட்டுக் கூப்பனி என்னும் பாகு நிலைக்கு வந்ததும் நிலைமை முழுவதும் மாறும். துடுப்பால் கிளறியபடியே ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, அது உருண்டையாகத் திரண்டதும் பானையை இறக்கி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். சற்றுப் பிந்தினால் பாகு கருகிவிடும், சற்று முந்தினால் கருப்பட்டி உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறு பொழுதில் வாசலில் யார் வந்து அழைத்தாலும் பாட்டி திரும்பமாட்டார். "பதம் பாக்கியேன், இரியும்" என்ற ஒரு சொல்லோடு வந்தவர் படிப்புரையில் உட்கார்ந்துவிடுவார்; அவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் அது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்பட்டதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாதது. பாட்டியிடம் கடிகாரம் கிடையாது, எழுதி வைத்த அட்டவணை கிடையாது. ஆனால் இன்ன நேரத்தில் அவரைக் கூப்பிடக்கூடாது என்பதை வீடும் தெருவும் அறிந்திருந்தன, ஏனென்றால் புகையும் பாகின் மணமும் அதை எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் வரலாற்றறிஞர் இ.பி.தாம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைகள் பெருகுவதற்கு முந்தைய உழவர்களும் மீனவர்களும் கைவினைஞர்களும் மணிக்கணக்கைப் பாராமல், கையில் எடுத்த காரியத்தின் போக்கைக் கொண்டே பொழுதை அளந்தார்கள் என்றும், ஆலையும் அதன் மணியும் வந்த பிறகே நேரம் முதலாளிக்கு விற்கப்படும் சரக்காயிற்று என்றும் விளக்கினார். அப்படிக் காரியத்தால் அளக்கப்பட்ட நாளில் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே கறாரான எல்லை இல்லை என்பது அவர் கண்ட இன்னோர் உண்மை. பாட்டியின் அடுப்படி அதற்குச் சான்று பகர்கிறது என்றாலும், ஓரிடத்தில் அது தாம்சனின் சித்திரத்துக்கு ஒரு திருத்தமும் சொல்கிறது: எல்லை முழுவதுமாக இல்லாமல் இல்லை, பதம் பார்க்கும் அந்தச் சிறு பொழுதுக்கு மட்டும் யாராலும் மீற முடியாத எல்லை இருந்தது.

காத்திருக்கும் வேலையின் வரலாறு நாஞ்சில் நாட்டில் இரு நூற்றாண்டு நீளமுடையது. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தனர். இன்று டதி பள்ளி என்று அறியப்படும் நிறுவனத்தின் மூலமான பெண்கள் விடுதிப் பள்ளியில் மார்த்தா 1821 வாக்கில் லேஸ் பின்னலைக் கற்பிக்கத் தொடங்கினார். இது தலையணைப் பின்னல் எனப்படும் வகையைச் சேர்ந்தது; இறுக்கமாக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளைப் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு வலைபோன்ற கரையை உருவாக்குவது அதன் முறை. அடிமைமுறை சட்டப்படி நிலவிய திருவிதாங்கூரில், அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் இந்தப் பின்னலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை திருவிதாங்கூரில் 1855இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஊசிமுனையில் ஈட்டிய அந்தக் காசின் பெறுமதி விளங்கும். பள்ளியில் கற்ற பெண்கள் மணமாகித் தத்தம் ஊர்களுக்குப் போனபோது வேலையும் அவர்களோடு வீடுகளுக்குப் போயிற்று. லேஸோடு பூத்தையலும் சேர்ந்துகொண்டு, திருச்சபையின் கைத்தொழில் நிலையங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஊர்ப்பெண்களின் வருவாயாக வளர்ந்தது.

இக்கட்டுரையாளரின் தாயார் இந்த மரபில் கடைசி வரிசையைச் சேர்ந்தவர். வெட்டிய துணியும் நூல்கட்டும் நீலநிறத்தில் பதித்த மாதிரியும் நிலையத்தில் கொடுக்கப்படும். தையல் முடிந்த உருப்படியைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. மேசைவிரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை ஆகிய வெண்மையான துணிகளே மிகுதி என்பதால் அழுக்கு பட்டால் உருப்படி கழிக்கப்பட்டுவிடும். மஞ்சளும் மீனும் கருப்பட்டியும் புழங்கும் வீட்டில் வெள்ளைத் துணியைக் கறைபடாமல் காப்பது எளிய காரியம் அன்று. அவருடைய நாளின் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்தே உருவாயிற்று. விடிகாலையிலேயே கறி அரைத்து, சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, குளித்து, கையில் குட்டிக்கூரா பவுடர் தடவி வியர்வையை ஆற்றிய பிறகுதான் அவர் வெள்ளைத்துணி மூட்டையை அவிழ்ப்பார். வெளிச்சம் நேராக விழும் படிப்புரையின் மேற்கு மூலையில் மரச்சட்டத்தில் துணியை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பிற்பகல் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கும்வரை ஊசி ஓடும். மின்விளக்கில் அவர் தைத்ததே இல்லை. நூலின் நிறமும் இழையின் எண்ணிக்கையும் விளக்கில் பிழையாகும் என்பார். ஆகவே ஒவ்வொரு நாளும் தையல் வேலைக்குச் சூரியனே முற்றுப்புள்ளி வைத்தது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது மூட்டை கட்டப்பட்டு அலமாரிக்குள் போயிருக்கும்.

ஆனால் பாட்டிக்கு இருந்த ஒரு பாதுகாப்பு தாயாருக்கு இல்லாமல் போயிற்று. ஊசியை எந்த இழையிலும் நிறுத்தலாம் என்பதை எல்லாரும் அறிந்திருந்ததால், எல்லாரும் அவரை நிறுத்தினார்கள். உறவினர் வந்தால் எழ வேண்டும், சீட்டுக்காரர் வந்தால் எழ வேண்டும், அடுத்த வீட்டுக் குழந்தை விழுந்தால் எழ வேண்டும். அடியந்திரம் என்று இங்கே வழங்கும் திருமணம், சாவு முதலிய விசேடங்களுக்கு வாரக்கணக்கில் தையலை மூடிவைக்க வேண்டும். "நீ சும்மா தையலைத்தானே வச்சிட்டிருக்கே" என்று எவர் சொன்னாலும் அதை மறுக்க அவரிடம் புகையோ மணமோ இல்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திரத்தின் நரசாபூர் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட நூல் இதே நிலையை விரிவாகக் காட்டுகிறது. உலகச் சந்தைக்குச் சரக்குச் செய்துகொடுத்த அப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் குடும்பப் பெண்களாகவே கருதப்பட்டார்கள் என்பதும், அந்தக் கருத்தே கூலியைக் குறைத்து வைக்க உதவிற்று என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. மயிலாடிப் படிப்புரையில் மீஸின் நூலை யாரும் படித்திருக்கவில்லை; அதன் பொருள் மட்டும் ஒவ்வொரு பிற்பகலும் அங்கே மெய்ப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இடையில் தோவாளையைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகிலுள்ள அவ்வூரின் பூச்சந்தை பொழுது புலருமுன் கூடுகிறது. கேரளத்துக்கு அங்கிருந்தே பெருமளவில் பூ போகிறது. ஆவணித் திருவோணத்தை ஒட்டிய நாள்களில் ஊரே உறங்குவதில்லை. அரளிப் பூக்களை மடித்து அடுக்கி மாணிக்கக் கல் பதித்ததுபோலத் தோற்றமளிக்கும்படி கட்டப்படுவதும், 2025இல் புவிசார் குறியீடு பெற்றதுமான தோவாளை மாணிக்கமாலை வீடுகளில்தான் உருவாகிறது. பூவும் அக்கானியைப் போலக் காத்திராத பொருள். அங்கே கவனிக்கத் தக்க செய்தி, மாலை கட்டும்போது தந்தையும் மகனும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள், ஒருவர் மடிக்க ஒருவர் கட்டுகிறார் என்பதாகும். வேலை குடும்பத்தின் வேலை என்று ஏற்கப்பட்டுவிட்ட வீட்டில் அன்றைய சமையலை யார் செய்வது என்பதும் பேசித் தீர்க்கப்படும் காரியமாகிவிடுகிறது.

மூன்றாம் தலைமுறையின் வேலை 2020 மார்ச் 24 அன்று இரவு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய பொதுமுடக்கத்துக்குப் பிறகு மயிலாடி வீட்டுக்குள் வந்தது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய இக்கட்டுரையாளரும், பெங்களூருவில் அதே வகை வேலையில் இருந்த அவருடைய அண்ணனும் இ-பாஸ் பெற்று ஊர் திரும்பினர். கல்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் மயிலாடி. முடக்கம் தளர்ந்ததும் சிற்பக்கூடங்களில் கல்லறுக்கும் எந்திரங்கள் ஓடத் தொடங்கின, அவற்றின் ஓசை ஒவ்வொரு காணொளிக் கூட்டத்திலும் கலந்தது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, அலைபேசிச் சமிக்ஞைக்காக மொட்டை மாடிக்கு ஏறியவரின் பேச்சை மறுமுனையில் கேட்கவிடாமல் செய்தது. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்சாரம் நிறுத்தப்படும். அந்த நாளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது வேலையின் ஒரு பகுதியாயிற்று. இவையெல்லாம் வெளித்தடைகள், எளிதில் பழகிவிட்டவை.

பழகாதது வேறு. இக்கட்டுரையாளருடைய குழுவின் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தனர். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது இந்தியாவில் கோடைக்காலத்தில் மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 7.30. நீண்டுவிடக்கூடாது என்பதற்காக நின்றபடியே நடத்தும் வழக்கத்தால் ஸ்டாண்ட்-அப் எனப் பெயர் பெற்ற நாள்தோறுமான குறுங்கூட்டம் அந்த நேரத்தில் நடக்கும்; அதைத் தொடர்ந்து இரவு வெகுநேரம் வரை கேள்விகளும் விடைகளும் போகும். மயிலாடி வீட்டிலோ அதே மாலைப் பொழுதுதான் நெருக்கடி மிகுந்தது. சர்க்கரை நோய் உள்ள தந்தைக்கு நேரத்துக்கு இரவுச் சாப்பாடு வேண்டும். மூட்டுவலியால் தாயாரால் நெடுநேரம் அடுப்பருகே நிற்க இயலாது. ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். இரண்டு பக்கமும் காத்திராத வேலை, நடுவில் ஒருவர் என்ற நிலை அவ்வாறு உண்டாயிற்று.

பகற்பொழுதில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அமெரிக்கா உறங்கும் அந்த நேரமே மென்பொருள் எழுதத் தகுந்த அமைதியான நேரம். டிக்கெட் என்ற பெயரில் பட்டியலிட்டு ஒதுக்கப்படும் வேலைகளை அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பார்ப்பவர்களுக்கு அது காத்திருக்கும் வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. மீன்காரம்மா வரும்போதும் கேஸ் வண்டி வரும்போதும் எழுவது ஒருபுறமிருக்க, 2021 ஏப்ரல் 28 முதல் 18 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசிக்கான இணையப் பதிவு தொடங்கியபோது, தெருவில் பாதிப்பேரின் ஆதார் எண்களும் கடவுச் சொற்களும் இக்கட்டுரையாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தன. அந்த உதவியை அவர் மனமுவந்தே செய்தார். ஆயினும் மென்பொருள் எழுதுவது தையலைப் போன்றதும் அன்று, பாகைப் போன்றதும் அன்று. வெளியே பார்த்தால் எந்த வரியிலும் நிறுத்தலாம். உள்ளே, பல கோப்புகளுக்கிடையிலான உறவுகளை மனத்தில் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் நிலை ஒரு முறை கலைந்தால் அதை மீண்டும் கட்டியெழுப்ப நெடுநேரம் ஆகும். காத்திருப்பதுபோலத் தோன்றி உண்மையில் காத்திராத இந்த மூன்றாவது வகை வேலையே இன்று வீடுகளுக்குள் மிகுதியாக நுழைந்திருக்கிறது. எழுதுவோர், மொழிபெயர்ப்போர், கணக்கு எழுதுவோர், வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியர் ஆகியோர் எல்லாரும் இதில் அடங்குவர்.

ஒரே வீட்டில் ஒரே வகை வேலையைச் செய்த அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்த வகையில் நேர்ந்த வேறுபாட்டைப் பதிவு செய்யாமல் விடுவது நேர்மையாகாது. முன்னறை அண்ணனுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் கதவைச் சாத்தினால் "அண்ணன் மீட்டிங்ல இருக்கான், சத்தம் போடாதிய" என்று தாயாரே தெருப்பிள்ளைகளை அதட்டுவார். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்திருந்த தங்கையிடம் அதே தாயார், "மக்களே, அந்தப் பாலை ஒண்ணு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். இதில் பாசக் குறைவு எதுவும் இல்லை. மகள் எழுந்து வருவாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது, அந்த நம்பிக்கை படிப்புரையின் மேற்கு மூலையில் பல ஆண்டுகள் எழுந்து எழுந்து போனவரிடமிருந்தே வந்தது. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் மக்கள் எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்தது. ஊதியமில்லாத வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள் என்பது அதன் முடிவு. அப்படி ஈடுபட்டவர்களின் விகிதமே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. நாளில் ஐந்து மணி நேரத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே நேர மேலாண்மை நூலைப் பரிந்துரைப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை இந்த எண்களே எடுத்துச் சொல்கின்றன.

அந்த நூல்களையும் இக்கட்டுரையாளர் அந்நாளில் தேடிப் படித்தார். அவற்றில் பயனுள்ளவை உண்டு. 1980களின் இறுதியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ வகுத்த பொமடோரோ முறை, 25 நிமிடம் வேறெதையும் தொடாமல் வேலை, பிறகு சிறு ஓய்வு என்று நாளைத் துண்டுகளாக்குகிறது. நாளை 60 நாழிகையாகப் பகுத்த நம் முன்னோரின் நாழிகையும் 24 நிமிடமே என்பதால், ஒரு நாழிகை வேலை என்று அதை மனத்தில் பதித்துக்கொள்வது எளிதாக இருந்தது. கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை பெருகிக்கொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றறிஞர் பார்க்கின்சன் 1955இல் எடுத்துக்காட்டிய போக்கு, வெளிச்சம் மங்கியதும் மூட்டை கட்டிய தாயாரின் வழக்கத்தை நினைவூட்டியது. மின்விளக்கும் இணையமும் சூரியனின் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்ட பிறகு அதை வேலை செய்பவரே இட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவுக் கூட்டம் முடிந்ததும் மறுநாளைக்குரிய மூன்று காரியங்களை மட்டும் தாளில் எழுதி, மடிக்கணினியை மூடி, துணியுறையிலிட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். கடினமான மென்பொருள் பகுதிகளைச் சிற்பக்கூடங்களின் எந்திரங்கள் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய விடிகாலைக்கு மாற்றிக்கொண்டார். இவையனைத்தும் உதவின. ஆனால் மாலை ஆறரை மணிச் சிக்கலை இவற்றில் எதுவும் தொடவில்லை, ஏனென்றால் அது ஒரு தனியாளின் ஒழுக்கத்தால் தீரும் சிக்கல் அன்று.

அதைத் தீர்த்தது அடுக்களைச் சுவரில் தொங்கிய நாள்காட்டி. எது நிற்கும், எது நிற்காது என்று முதலில் கேட்டவர் தாயார்தான். பாட்டியின் அடுப்பையும் தம் ஊசியையும் அறிந்திருந்த அவருக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு, நால்வரும் உட்கார்ந்து அந்த மாதத்தின் கட்டங்களை நிரப்பினார்கள். கூட்டங்கள் சிவப்பு மையில். மின்தடை நாளும் தந்தையின் மருத்துவப் பரிசோதனை நாளும் நீல மையில். யாரும் யாரையும் கூப்பிடக்கூடாத விடிகாலை நேரம் ஒரு சிவப்புக் கோட்டால். இரவுக் குழம்பை நண்பகல் சமையலோடு சேர்த்தே வைத்துவிடுவது என்றும், மாலை ஆறு முதல் எட்டு வரை அடுக்களை அண்ணனுடையது என்றும், உலர்ந்த துணிகளை மடிப்பது தந்தையின் வேலை என்றும் முடிவாயிற்று. குடும்ப ஜெபம் எட்டேகால் மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அண்ணனின் கைப்பக்குவம் தொடக்கத்தில் தந்தைக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களில் அவரே தோசைக்கல்லின் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசை சுவரோரமாக நகர்த்தப்பட்டு, இக்கட்டுரையாளர் எழுதும் நேரத்தில் முதுகுப்புறம் ஒரு திரை தொங்கவிடப்பட்டது. வாசலுக்கு வந்த உறவினரிடம், "அவ வேலையில இருக்கா, இரியுங்க" என்று தாயார் முதன்முறையாகச் சொன்னதைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டபோது, பாட்டியின் அடுப்படியில் வழங்கிய அதே மரியாதை ஒரு தலைமுறை விடுபட்டு மீண்டும் அவ்வீட்டுக்கு வந்திருப்பது விளங்கியது. தாயாருக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை என்பது அதனோடு சேர்ந்தே விளங்கியது.

2021 நவம்பரில் குமரி மாவட்டம் பெருமழையில் மிதந்தபோது மின்சாரமும் இணையமும் போய், அந்த நாள்காட்டியின் கட்டங்கள் சில நாள்களுக்குப் பயனற்றுப் போயின. ஆயினும் அடுக்களைப் பங்கீடு நின்றுவிடவில்லை. அண்ணன் பெங்களூருவுக்குத் திரும்பிய பிறகும், விடுமுறைக்கு வரும் மாலைகளில் அடுப்பு அவருடையதாகவே இருக்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் கூலிவேலையை வேலையாக ஒப்புக்கொள்ளச் செய்யும் முயற்சி உலகளவிலும் நீண்டகாலமாக நடந்து வருகிறது. வீட்டில் இருந்து உழைப்பவருக்கும் பிற தொழிலாளருக்கும் சமமான நடத்தை வேண்டும் என்று கூறும் 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. அதற்காகப் பாடுபட்டவர்களில் சுயதொழில் செய்யும் பெண்களுக்காக எலா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பு முன்வரிசையில் நின்றது. ஆனால் இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. பணிநேரத்துக்குப் பிறகு மின்னஞ்சலுக்கும் அழைப்புக்கும் விடையளிக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதல் சட்டத்தின் துணையைப் பெற்றிருக்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்து பணியாற்றுவதற்கு இருந்த தடைகளை நீக்கியது. அந்தத் தளர்வு நிறுவனங்களின் தொடர்பு வசதிகளைப் பற்றியதேயன்றி, அந்தப் பணி நுழையப்போகும் வீட்டின் மாலைப் பொழுதைப் பற்றியது அன்று.

மகளோ மருமகளோ வீட்டிலிருந்து வேலை செய்யும் குடும்பங்கள் நாகர்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று பல. அந்த வீடுகளின் ஆண்களிடம் இக்கட்டுரையாளர் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: இந்த வாரமே அவருடைய கூட்ட நேரங்களைக் கேட்டு நாள்காட்டியில் குறியுங்கள், அந்த நேரங்களில் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.